எண்ணெய்க் களத்துக்குச் சோலார் மின்நிலையம்: எதை முதலில் கணக்கிட வேண்டும், எதைக் கடைசியில்

தடா, சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என ஆந்திர எல்லையின் இருபுறமிருந்தும் எங்கள் வடிவமைப்புப் பணிக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு வீட்டு மாடிச் சோலாரும் ஆலைக் கூரைச் சோலாரும் கைவந்தவை. எண்ணெய்க் களம் என்றதும் அவர்கள் அதே கணக்கைப் பெரிதாக்கிப் போட்டுவிடுகிறார்கள். எத்தனை ஏக்கர் இருக்கிறது, அதில் எத்தனை பேனல் கொள்ளும் என்று தொடங்கும் வரைபடம் களத்துக்குப் போன முதல் வாரத்திலேயே திரும்பி வந்துவிடும். சுமையை அளந்து, ஆபத்து மண்டலத்தை விலக்கி, ஜெனரேட்டரின் குணத்தை அறிந்த பிறகே பேனலுக்கு வர வேண்டும்.

கீழே வரும் இடக்குறிப்புகள் கோதாவரி டெல்டாவின் கோனசீமா நிலப்பகுதியைச் சேர்ந்தவை. சுமை எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஆறு கிணறுகள் கொண்ட ஒரு மாதிரிக் களத்துக்கு உரியவை.

1. புறப்படுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

களத்தின் ஒற்றைக்கோட்டு மின்வரைபடம், மோட்டார் பட்டியல், ஆபத்து மண்டல வரைபடம், ஜெனரேட்டர் கையேடு, ஓராண்டு டீசல் பதிவேடு, மண் பரிசோதனை அறிக்கை ஆகிய ஆறும் கையில் இல்லாமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். இவற்றில் புதியவர்கள் கேட்க மறப்பது டீசல் பதிவேடு. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 3 முதல் 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பதால், நாம் அளந்து சொல்லும் சுமை சரிதானா என்பதற்கு அந்தப் பழுப்பேறிய நோட்டுப் புத்தகமே சாட்சி.

பட்டியலைப் பகல்நேரப் பொறியாளரிடம் வாங்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க இரவுப் பணியாளரிடம் உட்கார வேண்டும். எல்லையில் வளர்ந்த நமக்குத் தெலுங்கு வாயில் வருவது இந்த இடத்தில்தான் உண்மையில் உதவுகிறது. கிணற்றுத் தலையைச் சுற்றியுள்ள குழித்தொட்டியில் மழைநீர் சேர்ந்தால் அதை இறைக்க ஒரு சிறு பம்ப் விடிய விடிய ஓடுகிறது என்பது எந்தப் பட்டியலிலும் இல்லாமல், தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது.

2. சுமையை நொடிக்கணக்கில் அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிலக்கிணறுகளில் எண்ணெயை மேலே தூக்கும் முறைகளில் ஒன்று சக்கர் ராட் பம்ப். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய இரும்புக் குதிரை தலையாட்டுவதுபோல் இருக்கும். நிமிடத்துக்கு ஏழு முறை தலையாட்டினால் ஒரு சுற்றுக்கு எட்டரை நொடி ஆகும். அந்த எட்டரை நொடிக்குள் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஒரே அளவில் இருப்பதில்லை. 15 கிலோவாட் மோட்டாரின் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால், தண்டு மேலேறும்போது ஆம்பியர் எண் இருபதுகளில் ஏறி நிற்கும், கீழிறங்கும்போது ஒற்றை இலக்கத்துக்கு விழும், மறுபடியும் ஏறும். எதிர்எடை சரியாகச் சமன் செய்யப்படாத பம்பில், கீழிறங்கும் எடையே மோட்டாரைச் சுழற்றி, அது சில கணங்களுக்கு ஜெனரேட்டர் போல நடந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

சாதாரண கிளாம்ப் மீட்டர் இந்தத் திரும்பும் மின்சாரத்தின் திசையைக் காட்டாது; ஆம்பியர் மட்டுமே காட்டும். பதினைந்து நிமிடச் சராசரியைப் பதியும் மின்மீட்டரோ ஏற்ற இறக்கத்தையே மறைத்துவிடும். ஆகவே நொடிக்கு ஒருமுறையாவது பதியும் பவர் அனலைசரை ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு மணி நேரமும், களத்தின் பிரதான பேனல்போர்டில் ஏழு நாளும் வைத்து அளக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மின்வாரிய இணைப்போ பெரிய ஜெனரேட்டரோ இருக்கும்போது இந்த ஆட்டத்தை அவை விழுங்கிவிடுகின்றன. ஒரே ஒரு கிணற்றை மட்டும் இன்வெர்ட்டரோடு தனியே இணைத்தால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் மின்னழுத்தம் உயர்ந்து இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். பல கிணறுகளை ஒரே மின்தடத்தில் சேர்த்தால், ஒன்று திருப்பி அனுப்புவதை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் பொருத்தியிருந்தால் அதற்கு, திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். அது சூடேறும் பொருள் என்பதால் அதன் இடத்தை நான்காம் படியோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தவறு, மோட்டாரின் பெயர்ப்பலகையை அப்படியே கூட்டுவது. நேரடியாகத் தொடங்கும் மோட்டாரின் இழுவைக்கும், முதல் அசைவின் திருகுவிசைக்கும் ஈடுகொடுக்கவே பெரிய மோட்டார் போடப்படுகிறது. நமது மாதிரிக் களத்தில் ஆறு பெயர்ப்பலகைகளைக் கூட்டினால் 90 கிலோவாட். அளந்த சராசரி ஒரு கிணற்றுக்கு 7 வீதம் 42 கிலோவாட். நானும் என் முதல் வேலையில் பெயர்ப்பலகையைக் கூட்டியவன்தான். தேவையைப்போல இரண்டு மடங்கு பெரிய இன்வெர்ட்டரை எழுதிக் கொடுத்து, அதைத் திருத்த மூன்று வாரம் பிடித்தது.

அளந்த எண்களை ஒரு நாளுக்கு விரித்தால் நமது களம் இப்படி அமைகிறது: கிணறுகள் 42 கிலோவாட் வீதம் 24 மணி நேரத்துக்கு 1,008 யூனிட், நிலத்தடிக்கு நீர் செலுத்தும் பம்ப் 60 கிலோவாட் வீதம் 1,440, எண்ணெயை அடுத்த நிலையத்துக்குத் தள்ளும் பம்ப் 22 கிலோவாட் வீதம் ஆறு மணி நேரம் ஓடி 132, விளக்குகள் 6 கிலோவாட் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 72, கட்டுப்பாட்டுக் கருவிகள், வேதிப்பொருள் செலுத்தும் சிறு பம்புகள், காற்று கம்ப்ரசர், அலுவலகம் ஆகியவை 8 கிலோவாட் வீதம் 192. மொத்தம் 2,844 யூனிட். டீசல் பதிவேட்டில் நாளொன்றுக்கு 812 முதல் 948 லிட்டருக்குள் எழுதியிருந்தால் அளவை சரி. அதற்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு பம்ப் நம் கண்ணில் படவில்லை என்று பொருள்.

3. பகலுக்கு நகரக்கூடிய சுமையைப் பிரித்தல்

கிணற்றுப் பம்பை இரவில் நிறுத்தலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். நிறுத்தினால் குழாயில் மெழுகும் மணலும் படிந்து மறுபடி தொடங்குவது சிரமமாகும் கிணறுகள் உண்டு. ஆகவே அதை நாமாகத் தொடக்கூடாது. நீர் செலுத்தும் பம்பின் நிலை வேறு. நிலத்தடிப் பாறைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் போய்ச் சேர்ந்தது என்பதே பெரும்பாலும் முக்கியம். தொட்டியும் கூடுதல் பம்பும் இருந்தால் 24 மணி நேர வேலையைப் பத்து மணி நேரப் பகல் வேலையாக்கலாம். அப்போது அதன் இழுவை 144 கிலோவாட் ஆகும். தொட்டியில் தேங்கி நிற்கும் நீர் நமக்குப் பேட்டரி, அதுவும் தேய்மானமில்லாத பேட்டரி.

இதற்கு எண்ணெய்ப்படுகைப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். செலுத்துவதை நிறுத்தும்போது நீர் பின்னோக்கி வந்து மணலைக் கிணற்றுக்குள் இழுக்கும் இடங்களும், செலுத்து வேகத்தைக் கூட்டினால் பாறை பிளக்கும் அழுத்தத்தை எட்டிவிடும் இடங்களும் உண்டு. வாய்மொழியாகச் சரி என்று வாங்கிக்கொண்டு வடிவமைப்பை முடிக்க வேண்டாம்.

4. ஆபத்து மண்டலமும் “காலி” இடமும்

எரிவாயு எந்த நேரமும் இருக்கக்கூடிய இடம், இயல்பான இயக்கத்திலேயே அவ்வப்போது வரக்கூடிய இடம், கோளாறு நேர்ந்தால் மட்டும் சிறிது நேரம் இருக்கக்கூடிய இடம் என்று மண்டலம் 0, 1, 2 ஆகப் பிரிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5572. நிலத்தில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு 2017ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளும் பொருந்தும். சாதாரண சோலார் பேனலும் அதன் இணைப்பானும் இந்த மண்டலங்களுக்கென்று செய்யப்பட்டவை அல்ல; தளர்ந்த ஒரு இணைப்பானில் எழும் நேர்மின்னோட்ட (டி.சி.) தீப்பொறி தானாக அணைவதில்லை. எனவே மண்டலக் கோட்டுக்கு வெளியே, அதிலிருந்தும் தள்ளியே முதல் பேனல் நிற்க வேண்டும். 1995 ஜனவரியில் பாசர்லபூடியில் பற்றிய கிணற்றுத் தீ இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்த வட்டாரம் இது. பாதுகாப்பு அதிகாரி கூடுதலாக நான்கு மீட்டர் கேட்டால் வாதாட வேண்டாம்.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கிணற்றுத் தலையைச் சுற்றிச் சரளை பரப்பிய பெரிய வெற்றிடம் வரைபடத்தில் கண்ணைக் கவரும். அது காலி இடமல்ல. பழுதுபார்க்கும் ரிக் வந்து நிற்கவும், அதன் தாங்குகம்பிகளை நாலாபுறமும் இழுத்துக் கட்டவும், குழாய்களை வெளியே எடுத்து அடுக்கவும் ஒதுக்கிய இடம். அங்கே பேனல் நட்டால் அடுத்த பழுதுவேலையின்போது பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்.

மிஞ்சும் எரிவாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் கம்பத்தின் கரி படியாத திசையைத் தேர்ந்தெடுங்கள். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் காற்று எதிரெதிர்த் திசையில் அடிப்பதால் ஒரு பருவத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. கேபிள் பள்ளங்களை மணல் கொட்டி நிரப்ப வேண்டும் என்பது ஆபத்து மண்டலத்தை மனதில் வைத்துத்தான்: காற்றைவிடக் கனமான எண்ணெய் ஆவி தாழ்ந்த இடத்தைத் தேடி வழியும், வெற்றுப் பள்ளம் அதை இன்வெர்ட்டர் அறை வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கோனசீமாவில் நிழல் என்றால் தென்னை. இன்று பக்கத்துத் தோப்பில் இடுப்பளவு நிற்கும் கன்று பத்தாண்டில் எவ்வளவு உயரும் என்று தோட்டக்காரரிடம் கேட்டு, அந்த உயரத்துக்கு நிழல் கணக்கைப் போடுங்கள்.

5. கொள்ளளவை முடிவு செய்தல்

இப்போதுதான் கிலோவாட் எழுத வேண்டும். டீசல் ஜெனரேட்டரை அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் புகைவழியில் படியும். 200 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 160 கிலோவாட். அதற்கு விட்டுவைக்க வேண்டிய குறைந்தபட்சம் 48.

சுமையை நகர்த்தாத நிலையில், எல்லாம் ஓடும் பகல்பொழுதில் களம் இழுப்பது 132 கிலோவாட். அதில் 48 போக, சோலாருக்கு இடம் 84 மட்டுமே. 100 கிலோவாட் பேனல் போட்டால் வெயிலும் தூசும் கம்பி இழப்பும் போக உச்சத்தில் 80 கிலோவாட் அளவில் வரும். ஆக அதுதான் எல்லை. இப்பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும் என்று கொண்டால் 400 யூனிட். அதாவது மொத்தத் தேவையில் 14 விழுக்காடு. நிர்வாகத்திடம் “பாதி டீசல் மிச்சம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் தலையில் கைவைக்கும் இடம் இது.

நீர் செலுத்துவதைப் பகலுக்கு நகர்த்தினால் பகல் சுமை 216 கிலோவாட் ஆகிறது. சோலாருக்கான இடம் 168 ஆகிறது. 200 கிலோவாட் பேனல் போடலாம். 800 யூனிட், 28 விழுக்காடு. ஆனால் 216 என்பது ஜெனரேட்டரின் 160ஐத் தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதற்கான விடை ஏழாம் படியில் வருகிறது.

மழை மாதங்களுக்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். ஆண்டுச் சராசரியை ஜூலைக்கும் அக்டோபருக்கும் பொருத்தினால் அந்த மாதங்களில் டீசல் இருப்பு தீர்ந்துபோகும்.

6. ஸ்ட்ரிங் நீளம்

550 வாட் பேனல் ஒன்றின் திறந்தசுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1,100 வோல்ட். புதியவர் 22 பேனலைத் தொடராக இணைத்து (இப்படித் தொடராக இணைத்த வரிசைதான் ஸ்ட்ரிங்) 1,089 வோல்ட் என்று மகிழ்வார். அந்த 49.5 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெப்பம் குறைந்தால் மின்னழுத்தம் கூடும், டிகிரிக்கு 0.27 விழுக்காடு என்றால் 15 டிகிரியில் ஒரு பேனல் 50.84 வோல்ட், 22 பேனல் 1,118 வோல்ட். தை மாத விடியலில் முதல் வெளிச்சம் படும்போது பேனல் இன்னும் குளிர்ந்தே இருக்கும். இன்வெர்ட்டர் அப்போது சேதமடையக்கூடும்.

20 பேனல் என்று கொண்டால் விடியலில் 1,017 வோல்ட். கோடை நண்பகலில் பேனல் 70 டிகிரியை எட்டும்போது இயங்கு மின்னழுத்தம் 41.5இலிருந்து ஏறத்தாழ 35க்கு இறங்கினாலும் ஸ்ட்ரிங் 700 வோல்ட்டில் நிற்கும். இரு முனைகளும் இன்வெர்ட்டரின் வரம்புக்குள் இருக்கின்றன. 18 ஸ்ட்ரிங், 360 பேனல், 198 கிலோவாட். பாதையும் வேலியும் சேர்த்து ஒரு ஏக்கர் ஒதுக்கினால் போதும்.

7. மேகம் வரும்போது என்ன நடக்கும்

ஒரு மேகத்துண்டு கடக்கும்போது 160 கிலோவாட் சோலார் சில நொடிகளில் 34க்கு விழலாம். 56 கிலோவாட்டில் ஓய்வாக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஒரே மூச்சில் முழுச்சுமையை எடுக்க வேண்டும். அப்போதும் 22 கிலோவாட் பற்றாது. அதிர்வெண் சரியும், மோட்டார்கள் ஒவ்வொன்றாக ட்ரிப் ஆகும், ஆறு கிணறும் நிற்கும். எண்ணெய்க் களத்தில் ஒருநாள் நின்ற உற்பத்தியின் விலை ஒரு மாதம் மிச்சப்படுத்திய டீசலை விழுங்கிவிடும்.

இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்தே செய்ய வேண்டும். நீர் செலுத்தும் பம்புகளை வேகக் கட்டுப்பாட்டு டிரைவில் வைத்து, சோலார் குறைந்த கணமே அவற்றின் வேகம் தானாகக் குறையும்படி கட்டுப்பாட்டுக் கருவியில் எழுதுவது முதலாவது. 100 கிலோவாட் கொடுக்கவல்ல, அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி ஒன்றை வைப்பது இரண்டாவது. அதாவது பயன்படுத்தக்கூடிய 50 யூனிட். இந்தப் பேட்டரி இரவை ஓட்டுவதற்கு அல்ல, மேகத்தைக் கடப்பதற்கு. இரவுக்கும் சேர்த்துக் கேட்டால் விலை பன்மடங்காகும்.

மின்வாரிய இணைப்பு இருக்கும் களத்தில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வெளி மின்சாரம் போனதும் சாதாரண இன்வெர்ட்டரும் பாதுகாப்புக்காக நின்றுவிடும். அது கோளாறல்ல, கம்பியில் ஏறி நிற்கும் ஊழியரைக் காப்பதற்கான ஏற்பாடு. “கரெண்ட்டு போயிந்தி, சோலார் எந்துக்கு ராலேது?” (கரெண்ட் போயிற்று, சோலார் ஏன் வரவில்லை?) என்று களப்பணியாளர் தொலைபேசியில் கேட்பதற்கு முன்பே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

8. தாங்கிகள், வெள்ளம், உப்பு

கடலோர ஆந்திரத்துக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் வரை உள்ளது. கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் புயலுக்கான கூடுதல் பெருக்கலையும் அதே தரநிலை சொல்கிறது. 1996 நவம்பர் புயல் கோனசீமாவின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியதை உள்ளூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பேனலை அட்சரேகைக்கு இணையாக 16, 17 டிகிரி சாய்க்காமல் 10, 12 டிகிரியில் நிறுத்துவது என் வழக்கம்; மின்சாரத்தில் இழப்பது சொற்பம், காற்றின் தூக்குவிசையில் குறைவது கணிசம்.

டெல்டாவின் களிமண் மழையில் வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். நான்கைந்து இடங்களில் பைலை (பேனலைத் தாங்க மண்ணில் இறக்கும் தூணை) நட்டு இழுத்துப் பார்க்கும் சோதனையை, முடிந்தால் மழைக்காலத்தில், செய்யாமல் பைலின் ஆழத்தை எழுதக்கூடாது. இன்வெர்ட்டர் மேடையின் உயரத்துக்கு அரசு வரைபடத்தோடு ஊர்ச்சுவரையும் பாருங்கள்: 1986 ஆகஸ்டு, 2022 ஜூலை கோதாவரி வெள்ளங்கள் எதுவரை வந்தன என்று கை காட்டுவார்கள். அதற்கு மேல் அரை மீட்டர்.

உப்புப் பனிச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்று இல்லாத பேனலை வாங்க வேண்டாம். சுற்றிலும் இறால் குட்டைகள் இருப்பதால் நீர்க்காகமும் கொக்கும் பேனலில் உட்கார்ந்து எச்சமிடும். அது மறைத்த இடம் சூடேறிக் கருகும். கழுவுவதற்கு எண்ணெயோடு மேலே வரும் நீரை எடுத்துவிடாதீர்கள், அது உப்பும் எண்ணெயும் கலந்தது. கோடையில் கால்வாய் அடைக்கும் நாட்களுக்கும் சேர்த்து நல்ல நீருக்குத் தொட்டி கட்ட வேண்டும்.

9. எர்த்திங்கும் குழாயின் துருத்தடுப்பும்

மின்பொறியாளருக்கு எதை எதோடும் எர்த்தில் சேர்த்துக் கட்டும் பழக்கம் உண்டு. எண்ணெய்க் களத்தில் புதைகுழாய்களுக்கும் கிணற்று உறைக்குழாய்க்கும் துருப்பிடிக்காமலிருக்கச் சிறு நேர்மின்னோட்டம் செலுத்தியிருப்பார்கள். நமது பேனல்களின் எர்த் வலையை அந்தக் குழாயோடு சேர்த்தால், குழாயைக் காக்க வேண்டிய மின்னோட்டம் நமது வலைக்குப் போய்விடும். செம்புக் கம்பி என்றால் இன்னும் மோசம்: மண்ணின் ஈரத்தில் இரும்பும் செம்பும் சேர்ந்து ஒரு மின்கலமாகி இரும்பு அரிக்கப்படும். துருத்தடுப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் எர்த்திங் வரைபடத்தை வெளியே விடாதீர்கள். இந்தப் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தே தெரிய வருவதால் அதற்குள் நாம் வேறு வேலைக்குப் போயிருப்போம். அதனாலேயே பலர் அலட்சியமாக இருக்கிறார்கள்.

10. ஒப்படைப்புக்கு முந்தைய சோதனை

ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் நேர், எதிர் முனைகள், திறந்தசுற்று மின்னழுத்தம், இன்சுலேஷன் ஆகியவற்றை இன்வெர்ட்டரில் இணைப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள். இணைத்த பின் தேடினால் ஒருநாள் வேலை ஒருவாரமாகும். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் இன்வெர்ட்டர் மட்டுமே நிற்கும், வெயில் இருக்கும்வரை பேனல் பக்கக் கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதைத் தீயணைப்புக் குழுவுக்கு நேரில் மீட்டர் வைத்துக் காட்ட வேண்டும், சொன்னால் நம்பமாட்டார்கள்.

கடைசிச் சோதனையை ஒரு நல்ல வெயில் நாளின் நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கிணறும் நீர் செலுத்தும் பம்புகளும் ஓடும்போது 18 ஸ்ட்ரிங்குகளின் பிரேக்கரையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஜெனரேட்டரின் அதிர்வெண் மீட்டரின் முன் ஒருவரும், நீர் பம்பின் டிரைவ் முன் ஒருவரும், தலையாட்டிக்கொண்டிருக்கும் கிணற்றருகே ஒருவரும் நின்று பார்க்க வேண்டும். பம்பின் தலை ஒருமுறைகூடத் தயங்காமல் ஆடினால் கையெழுத்திடலாம். தயங்கினால் ஏழாம் படிக்குத் திரும்ப வேண்டும்.